உப்புத் தெருவின் தரகு

ஒரு மனித மனசு நெகிழ்வதற்கு அந்த வருஷம் முந்நூற்று நாற்பது ரூபாய் விலை போய்க்கொண்டிருந்தது. முந்தின வருஷம் நானூறுக்கு மேல் நின்ற சரக்கு. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கண்காட்சிக்குக் கண்காட்சி ஜனங்கள் அழுது தள்ளியதில் வரத்து கூடி, விலை இறங்கிவிட்டது. தக்காளிக்கும் அதே கதிதான்.

விலை வைத்தது பருவநிலைக் கலை நிதியம். கடல் ஏறுகிறது, மழை தப்புகிறது, வெயில் ஆளைத் தின்கிறது என்று எத்தனையோ அறிக்கை போட்டாகிவிட்டது, ஜனங்கள் அசையவில்லை. சரி, கலைஞர்களை விட்டு அசைத்துப் பார்ப்போம் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். ஆனால் பணம் கொடுக்கிறவனுக்குக் கணக்கு வேண்டுமே. அதற்காக வந்ததுதான் நெகிழ்மானி. ரப்பர் வாரில் கோத்த சின்னக் காப்பு. அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போய்ப் படைப்பைப் பார்த்தால், நாடித் துடிப்பையும் தோலில் ஊறும் ஈரத்தையும் வைத்து, பார்த்தவர் உள்ளுக்குள் எவ்வளவு ஆடிப்போனார் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். நாற்பதைத் தாண்டினால் ஒரு நெகிழ்ச்சி. ஒரு நெகிழ்ச்சிக்கு முந்நூற்று நாற்பது.

கலைஞர்கள் லேசுப்பட்டவர்களா? எது விலை போகிறது என்று ஒரே வருஷத்தில் பிடித்துவிட்டார்கள். இருட்டறை, தண்ணீர்ச் சத்தம், அம்மாவைத் தேடி அழும் குழந்தையின் குரல். மூன்றும் சேர்ந்தால் எழுபது நிச்சயம். எல்லாம் ஒரே அச்சில் வந்து குவிந்ததைப் பார்த்த நிதியம், கலைஞனுக்குக் கலைஞனே வழிகாட்டியாக இருப்பதால் வந்த வினை இது என்று கண்டுபிடித்துப் புது விதி போட்டது. இனி வழிகாட்டி உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். கலையோடு ஒட்டும் உறவும் இல்லாதவராக இருக்க வேண்டும். கலைஞருக்கு வரவுசெலவு கற்றுக்கொடுத்து, முன்பணத்துக்கு ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டும்.

அப்படித்தான், கடலோரம் கிடந்த கொற்றங்குடியில், கீழக்கடைத் தெருவில் வத்தல் மண்டி வைத்திருந்த வேல்கனி ஒரு கலைஞனுக்கு வழிகாட்டி ஆனாள்.

நிதியத்தின் கடிதம் முதலில் வியாபாரிகள் சங்கத்துக்குத்தான் வந்தது. சங்கத் தலைவர் பால்துரை அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கூட்டத்தில் யார் தலை குனியாமல் இருக்கிறது என்று பார்த்தார்.

"ஏ வேல்கனி, நீ பள்ளிக்கூடத்துல ஓவியத்துக்குப் பரிசு வாங்கினவல்லா. நீயே பாத்துக்கோ."

"அது கோலப்போட்டி அண்ணாச்சி. அதுவும் ஆறுதல் பரிசு."

"அப்ப சரியாப் போச்சு. கலையோட சம்பந்தமில்லாத ஆளுதான் வேணும்னு போட்டிருக்கான்."

வந்த கலைஞன் பெயர் இன்னாசி மச்சாது. பக்கத்துக் கடற்கரைக்காரன், முப்பத்தொன்பது வயசு. கோயில் திருவிழாச் சப்பரங்களுக்கு அலங்காரம் கட்டி வயிறு வளர்த்தவன். வேல்கனிக்கு ஐந்து வயசு இளையவன் என்பதால் வந்த நிமிஷமே அக்கா என்று உறவு வைத்துக்கொண்டான். மண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்து, இரண்டு தும்மல் போட்டுவிட்டு, திட்டத்தைச் சொன்னான்.

"இந்தத் தெருவையே உப்புல கட்டப்போறேன்க்கா. கடை கடையா. முழங்கால் உயரத்துக்கு."

"கட்டி?"

"தண்ணி விடுவேன்."

"கட்டினதுலயா?"

"ஆமா. நாப்பது நாளு. ஒரு நாளுன்னா ஒரு வருசம். அந்தந்த வருசம் கடலு எம்புட்டு ஏறும்னு கணக்கு இருக்குல்லா, அந்த அளவுக்குத் தண்ணி ஏறும். எந்தக் கடைக்குள்ள எந்த வருசம் கடலு வருமோ, அந்த நாளு அந்தக் கடை கரையும்."

வேல்கனி யோசித்தாள். "கரைஞ்ச உப்ப என்ன செய்வ?"

"தண்ணியோட போயிரும்."

"அப்ப மறுவிற்பனை கிடையாது" என்று சொல்லிவிட்டு, ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே பிறகு ஆச்சரியமாக இருந்தது. ஒன்பது லட்சம் முன்பணம். நாற்பது நாளில் ஆயிரம் பேராவது நெகிழ வேண்டும். நெகிழாவிட்டால் முன்பணம் மொத்தமும் திரும்பப் போக வேண்டும். இன்னாசி கொடுக்க முடியாவிட்டால் வேல்கனி கொடுக்க வேண்டும். ஒன்பது லட்சம் என்பது அவள் மண்டியின் ஒரு வருஷ லாபத்துக்குக் கொஞ்சம் மேலே.

முதல் பாடம் உப்பளத்தில் நடந்தது. அளத்துக்காரர் ஒரு கை உப்பை அள்ளிக் காட்டினார். இன்னாசி அதை வெயிலில் பிடித்துப் பார்த்து, "எக்கா, என்ன வெள்ளை பாருங்க" என்றான். கிலோவுக்கு ஒரு ரூபாய் அந்த இடத்திலேயே ஏறியது. வேல்கனி அவனை வண்டியில் உட்காரச் சொல்லிவிட்டு, கூடை கூடையாகக் குறை சொன்னாள். ஈரம், மண், பொடி, போன வருஷத்துச் சரக்கு. முக்கால் மணி நேரத்தில் ஏறின ரூபாயும் இறங்கி, கூட அரை ரூபாயும் இறங்கியது.

திரும்பி வரும்போது சொன்னாள்: "வாங்கப்போற சரக்க நல்லாருக்குன்னு சொல்லப்பிடாது தம்பி. பிடிச்சிருந்தா இன்னும் நாலு குறை சேத்துச் சொல்லணும்."

"பிடிச்சிருக்குன்னு சொல்லவே மாட்டியளா?"

"சொன்னா காசு."

இரண்டாவது பாடம் துண்டு. கீழக்கடைத் தெருவில் வாயால் விலை பேசுவது சில்லறை வியாபாரத்துக்கு மட்டும்தான். மூட்டைக் கணக்கில் வத்தலோ மல்லியோ கைமாறும்போது இரண்டு பேர் கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே விரல்களால் பேச்சு. ஒரு விரல் பிடித்தால் இவ்வளவு, இரண்டு விரல் பிடித்தால் இவ்வளவு. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. சூட்சுமம் விரலில் இல்லை. வாங்குகிறவனின் கட்டைவிரல் போகிற போக்கில் விற்கிறவனின் நாடி மேல் போய் உட்காரும். கேட்ட விலைக்கு நாடி துள்ளினால் போச்சு. அவன் அந்த விலைக்கே கொடுத்துவிடுவான் என்று அர்த்தம். அதனால் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்து வருவதற்கு முன்னால் நாடியை அடக்க வரும். வேல்கனியின் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அல்வா வாங்கித் தரட்டுமா, பள்ளிக்கூடத்துக்கு லீவு விடட்டுமா" என்று கேட்டுக் கேட்டுத்தான் பழக்கினார். நாடி துள்ளினால் அல்வா கிடையாது.

இன்னாசிக்கு அது கைவரவில்லை. நூறு மூட்டை என்று வேல்கனி சும்மா சொன்னாலே அவன் நாடி முயல்குட்டி மாதிரி ஓடியது.

"நீ வியாபாரத்துக்கு ஆக மாட்ட" என்றாள்.

"அதனாலதான்க்கா இதுக்கு வந்தேன்."

பால்துரை அண்ணாச்சியின் காலிக் குடோனை வாடகைக்குப் பிடித்து, ஈர உப்பை மரச்சட்டத்தில் அடித்து இறுக்கி, காயவைத்து, உளியால் செதுக்கி, மூன்று மாதத்தில் தெருவைக் கட்டிவிட்டான். கிழக்கே கடல் பக்கம் தாழ்ந்து, மேற்கே மேடேறி, நிஜத் தெரு மாதிரியே. கதவு, படி, பெயர்ப்பலகை எல்லாம் உப்பு. கிழக்கு ஓரத்தில் உப்பங்கழியிலிருந்து ஒரு வாய்க்கால். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை ஏற்ற ஒரு மோட்டார். வாசலில் வரிசையாக ஆணி அடித்து, தெருக்காரர்களுக்குப் பெயர் எழுதியும் விருந்தினருக்குப் பெயர் இல்லாமலும் நெகிழ்மானிகளைத் தொங்கவிட்டிருந்தான்.

தெருவே வந்தது. ஓசியில் பார்க்கிறதென்றால் விடுவார்களா? காப்பைக் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, ஒவ்வொருத்தரும் தன் தன் கடை முன்னால் போய் நின்று குறை சொன்னார்கள்.

"எலே இன்னாசி, எங்கடைக்குப் படி ரெண்டு. நீ மூணு வச்சிருக்க."

"மூணாவது படி மண்ணுக்குள்ள இருக்கு சித்தப்பா. அளந்தேன்."

"ராசையா கடையவிட என் கடை ஒசரம் கம்மியாத் தெரியுதே."

"கம்மிதான் அண்ணாச்சி."

ஏழாம் நாள் பால்துரை அண்ணாச்சியின் கடை விழுந்தது. கிழக்குக் கோடி, தெருவிலேயே பெரிய கடை. முதலில் படி கரைந்தது, பிறகு தூண், பிறகு முன் கூரை சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் உட்கார்ந்தது. அண்ணாச்சி நின்று பார்த்தார். பக்கத்தில் ஊரே நின்று அண்ணாச்சியைப் பார்த்தது.

"தூணு இன்னும் கொஞ்சம் தடிமனா வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, காப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காபி குடிக்கப் போனார்.

காப்பின் சின்னக் கண்ணாடியில் பூஜ்ஜியம் இருந்தது.

அவருடையது மட்டும் இல்லை. எல்லாருடையதும். பதினைந்தாம் நாள் நிதியத்துக் கண்காணிப்பாளர் தாரணி சென்னையிலிருந்து போனில் வந்தாள்.

"மிஸ்டர் மச்சாது, மிஷின்ல ஏதாவது பிராப்ளமா? ஆயிரத்து எட்டுநூறு விசிட் ஆகியிருக்கு. ஒரே ஆளு பத்து தடவைகூட வந்திருக்காங்க. ஆனா எல்லாமே ஜீரோ. இப்படி நான் பார்த்ததே இல்ல. மரத்துல கட்டினாகூட ரெண்டு மூணு காட்டும்."

"மேடம், இன்னும் நாள் இருக்குல்ல" என்றான் இன்னாசி.

"இருக்கு. ஏதாவது சேர்த்துப் பாருங்களேன். சவுண்ட் மாதிரி. குழந்தை வாய்ஸ் நல்லா ஒர்க் ஆகுது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு அவன் வேல்கனியைப் பார்த்தான். "சேத்துரலாமாக்கா? என் சேக்காளிகிட்ட ஒரு அழுகைச் சத்தம் இருக்கு. நல்லா ஓடின சத்தம்."

"மிளகாப்பொடியில செங்கப்பொடி சேத்தாலும் நல்லாத்தான் ஓடும். செவப்புக் கூடும், எடையும் கூடும்."

"ஒன்பது லெச்சம்க்கா. உங்க கையெழுத்து."

"அது என் பாடு."

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். "ஊருக்குத்தான் ஒண்ணும் தோணல. உங்க காப்பையும் பாத்தேன். அதுலயும் பூஜ்ஜியம். உங்களுக்குமா ஒண்ணும் தோணல?"

வேல்கனி வாயைத் திறந்தாள். நாற்பத்து நான்கு வருஷத்துப் பழக்கம் முந்திக்கொண்டது.

"கொத்துவேலை பரவால்ல" என்றாள்.

அவன் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள். ஒன்பது லட்சத்தைவிட அதுதான் இரண்டு நாள் அவளை உறுத்தியது.

இருபத்திரண்டாம் நாள் வேல்கனியின் கடை கரையும் முறை. மத்தியானம் தெரு முழுக்கச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் அடைத்துக் கிடக்கும் நேரமாகப் பார்த்துத் தனியாக வந்தாள். தன் பெயர் எழுதின காப்பை மண்டியிலேயே விட்டுவிட்டதால், ஆணியில் கிடந்த விருந்தினர் காப்பு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். மாட்டாமல் உள்ளே போகக்கூடாது என்பது விதி. யாரும் இல்லாவிட்டாலும் விதி விதிதான்.

குனிந்து தன் உப்பு மண்டிக்குள் பார்த்தாள். வத்தல் மூட்டைகள், தராசு, பின்னால் அவள் உட்காரும் முக்காலி. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். நிஜ முக்காலிக்கு ஒரு கால் கட்டை. சாயாமல் இருக்க ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்திருப்பாள். அவள் புருஷனுக்கே தெரியாத விஷயம் அது. உப்பு முக்காலியின் ஒரு காலுக்கு அடியில் நாலாக மடித்த உப்பு அட்டை இருந்தது.

தண்ணீர் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தது. அட்டை முதலில் கரைந்தது. முக்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போன மாதிரி.

முக்காலியை நிமிர்த்த வேல்கனி கையை நீட்டினாள். அதே நேரம் மணிக்கட்டில் காப்பின் அழுத்தம் தெரிந்தது. தெரிந்த மாத்திரத்தில் மூச்சு தானாகவே நீண்டது, தோள் இறங்கியது, கை குளிர்ந்தது. துண்டு போட்டதும் என்ன நடக்குமோ அது நடந்தது. கண்ணாடியில் பூஜ்ஜியம்.

அட சவமே என்று நினைத்தாள். மணிக்கட்டை யார் பிடித்தாலும் விலை பேச வந்திருக்கிறான் என்றுதானே இந்த ஊர் உடம்புக்குத் தெரியும். அது காப்பா, கட்டைவிரலா என்று உடம்பு ஏன் பார்க்கப்போகிறது?

சுற்றுமுற்றும் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கி, வாரைக் கடைசித் துளைவரை தளர்த்தி, காப்பைக் கணுக்காலில் கட்டினாள். கணுக்காலைப் பிடித்து எவனும் விலை பேசியதில்லை; அதனால் அதற்கு அடங்கத் தெரியாது. மறுபடி குனிந்தாள். முக்காலி முழுசாகச் சரிந்துகொண்டிருந்தது.

தொண்ணூற்று நான்கு.

சட்டென்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணைத் துடைக்க அது நல்ல சாக்காக இருந்தது.

வழி கிடைத்துவிட்டது. நாளையிலிருந்து எல்லாரையும் காலில் கட்டச் சொன்னால் மூன்றே நாளில் ஆயிரம் நெகிழ்ச்சி. நேராகப் பால்துரை அண்ணாச்சியிடம் போனாள். தன் கணுக்காலைப் பற்றி மூச்சு விடாமல், யுக்தியை மட்டும் சொன்னாள்.

அண்ணாச்சி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். "காட்டினா?"

"ஆயிரம் என்ன, ரெண்டாயிரம்கூடக் காட்டும்."

"அந்தக் கணக்க நிதியத்துக்காரன் என்ன செய்வான்?"

"ஊர்வாரியா வெளியிடுவான். எல்லாம் வெளிப்படையா இருக்கணும்னு அவன் விதி."

"மணல்மேட்டூர்ல போன வருசம் இதே மாதிரி ஒரு கூத்து நடந்துச்சு, தெரியுமா? ஊரு சனம் பூராவும் காப்பைக் கட்டிக்கிட்டு அழுதுச்சு. சராசரி எழுபத்தெட்டுன்னு பட்டியல்ல வந்திச்சு. மறுவாரமே வெளியூர்க்காரன் வந்து எறங்கிட்டான். ஊரே நடுங்குது, கேட்ட விலைக்குக் குடுப்பான்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சுல்லா. சென்ட் விலை பாதியாப் போச்சு. கடலு இன்னும் முப்பது வருசம் கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள ஊரு கைமாறிப்போச்சு." வெற்றிலையை மடித்தார். "நெகிழ்ச்சிக்கு விலை போட்டா, நெகிழ்ந்தவன் சரக்குக்கு விலை எறங்கும். இது அந்தப் புள்ள இன்னாசிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

வேல்கனிக்கு ஒரு பக்கம் இன்னாசியின் முகம். இன்னொரு பக்கம் தெரு.

"உங்களுக்கு ஒண்ணும் தோணலையா அண்ணாச்சி? உங்க கடை ஏழாவது வருசம் போவுது."

"எனக்கு எதாச்சும் தோணினா, மொதல்ல அது மேலக்கோடி ராசையாவுக்குத் தெரியாம இருக்கணும்" என்றார் அண்ணாச்சி. "அவன்கிட்டத்தான் எனக்குச் சோலி இருக்கு."

என்ன சோலி என்பது இரண்டு நாளில் தெரிந்தது. குடோன் மூலையில், உப்புத் தெருவின் மேட்டுப் பக்கத்தில், பால்துரை அண்ணாச்சியும் பாத்திரக்கடை ராசையாவும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். ராசையாவின் கடை நாற்பது நாளும் நனையாத கடை. பின்னால் காலி மனை வேறு. இரண்டு பேர் முகமும் சுவர் மாதிரி இருந்தது. துண்டை எடுத்தபோது ஏழாம் வருஷத்திலிருந்து முப்பது வருஷத்துக்குப் பின்மனை குத்தகை என்று முடிந்திருந்தது.

அதற்கப்புறம் குடோன் குடோனாக இல்லை, சந்தையாகிவிட்டது. பதினோராம் நாள் விழுந்தவர்கள், பதினாறாம் நாள் விழுந்தவர்கள் எல்லாம் மேட்டுக் கடைக்காரர்களைத் தேடி அங்கேதான் வந்தார்கள். எந்தக் கடை எப்போது விழும், எந்த மனை எவ்வளவு மேடு என்று வேறெங்கே அவ்வளவு துல்லியமாகத் தெரியும்? உப்பைப் பார்த்தார்கள், குறை சொன்னார்கள், துண்டைப் போட்டார்கள். வேல்கனியும் ஒரு மத்தியானம் தன் பங்குக்குத் துண்டைப் போட்டு, மேட்டுப் பக்கத்துப் பழைய எண்ணெய்ச் செக்குக் கட்டடத்தில் பாதியைப் பேசி முடித்தாள். காப்புகளில் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே நின்றது.

இன்னாசி அழுகைச் சத்தத்தைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. நாள் முழுக்க மோட்டாரைப் பார்த்துக்கொண்டு, கேட்டவர்களுக்கு அளவு சொல்லிக்கொண்டு, ஒரு மாதிரி அமைதியாக இருந்தான். தன் செங்கப்பொடி உபதேசம் வேலை செய்துவிட்டது என்று வேல்கனி நினைத்துக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் தாரணி நேரில் வந்தாள். காப்புகளையெல்லாம் ஒரு பெட்டியில் சேர்த்து, மடிக்கணினியில் கோத்து, கணக்கை எடுத்தாள். நல்ல பெண். அவள் முகத்தில் வருத்தம் எழுதி ஒட்டியிருந்தது. இந்த ஊரில் பிறந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள்.

"சாரி மேடம். முன்பணம் முழுக்கத் திரும்ப வரணும். பதினாலாவது ரூல்."

வேல்கனி சுற்றிக் காட்டினாள். "இங்கன பத்தொன்பது குத்தகை முடிஞ்சிருக்கு தாயி. பாதித் தெரு மேட்டுக்கு ஏறுது. கடலு வர்றதுக்கு முன்னாலயே. எந்த ஊருலயாவது நடந்திருக்கா?"

தாரணி துண்டுகளையும் கரைந்து கிடந்த தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள். "இல்ல" என்றாள் உண்மையாக. "சென்னையில எண்பத்தி ரெண்டு வந்த ஷோ ஒண்ணு இருக்கு. எல்லாரும் அழுதாங்க. அப்புறம் பார்க்கிங்ல ஏசி போட்ட கார்ல ஏறிப் போயிட்டாங்க. ஆனா எங்க ஃபார்ம்ல குத்தகையை எழுத ஒரு கட்டம் இல்ல மேடம். நெகிழ்ச்சிக்குத்தான் இருக்கு."

அப்போதுதான் பால்துரை அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"இன்னாசி, இங்க வா. வாங்குறவனையும் விக்கிறவனையும் ஒரு எடத்துல சேத்து வச்சவனுக்கு இந்தத் தெருவுல ஒரு மரியாதை உண்டு. தரகு. பத்தொன்பது குத்தகைக்கும் தரகன் நீதான். நாங்க யாருக்கும் சும்மா காசு குடுக்குறதில்ல, கலைக்கும் குடுக்குறதில்ல. இது ஒனக்கு வரவேண்டியது." சொல்லிக்கொண்டே துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "எம்புட்டுன்னு பேசிருவோம்."

வேல்கனி இன்னாசியின் மணிக்கட்டைப் பார்த்தாள். முயல்குட்டி நாடிக்காரன். அண்ணாச்சி ஒரு விரலோடு முடித்துவிடுவார். நூற்றுக்கு ஒன்று என்றால் பாதிக் கடன்தான் தீரும்.

துண்டு விழுந்தது. இன்னாசி எங்கோ மேற்கே, நனையாமல் நின்ற உப்புக் கடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிமிஷங்கள் போயின. அண்ணாச்சியின் புருவம் ஒரு முறை ஏறி இறங்கியது. முப்பது வருஷத்தில் வேல்கனி அதைப் பார்த்ததே இல்லை. துண்டை எடுத்தபோது அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு" என்றார் கூட்டத்தைப் பார்த்து. பிறகு வேல்கனியிடம் குனிந்து, "யாரு புள்ள இவனுக்குச் சொல்லிக் குடுத்தது? கையி மீனு மாதிரி சில்லுன்னு கெடக்கு" என்றார்.

சங்கத்தில் வைத்தே வசூலாகி, முன்பணம் ஒன்பது லட்சமும் நிதியத்தின் கணக்குக்குப் போனது. தாரணி ரசீது போட்டுவிட்டு மடிக்கணினியை மூடப் போனவள் நின்றாள்.

"ஒரு நிமிஷம். ஒரு கெஸ்ட் காப்புல ஒரு ரீடிங் இருக்கு. இருபத்தி ரெண்டாம் நாள், மத்தியானம். தொண்ணூத்தி நாலு. பேர் இல்ல." அவள் முகம் மலர்ந்தது. "ஒன்பதாவது ரூல்படி, ஒரு ஆள் நெகிழ்ந்தாலும் அதுக்குப் பணம் குடுத்தாகணும். முந்நூத்தி நாப்பது. யார் சார் அது?"

"மிசினு கெட்டிருக்கும்" என்றாள் வேல்கனி. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"கெட்டிருக்கும்" என்றான் இன்னாசியும். அவன் முகத்திலும் ஒன்றும் இல்லை.

தாரணி பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள். லாரியில் மோட்டாரையும் மரச்சட்டங்களையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஊர் நாற்பது மைல் வடக்கே. அங்கே ஒரு மீன் ஏலச் சந்தை இருந்தது. அண்ணாச்சியே அங்கே ஆளைப் பிடித்துக் கொடுத்திருந்தார். இன்னாசி தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னான்:

"அன்னைக்குச் சாயங்காலம் காப்பெல்லாம் துடைச்சு வச்சேன்க்கா. ஒரு காப்போட வாரு கடைசித் துளையில கெடந்துச்சு. இந்த ஊருல அம்புட்டுப் பெரிய மணிக்கட்டு யாருக்கு இருக்குன்னு யோசிச்சேன். அளந்து பாத்தேன். கணுக்கால் அளவு."

வேல்கனி ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "பதினெட்டு நாளாவா தெரியும்?"

"தெரியும்."

"ஊரு பூராவையும் கால்ல கட்டச் சொல்லி ஆயிரத்தக் காட்டியிருக்கலாமே."

"நீங்க சொல்லல. சொல்லாததுக்குக் காரணம் இருக்கும்லா. எனக்கு வரவேண்டியது வந்தாச்சு, நான் ஏன் மூச்சு விடணும்?" முடிச்சை இறுக்கினான். "அண்ணாச்சி இன்னைக்குத் துண்டைப் போட்டு நாடியைப் பிடிச்சப்ப அந்தத் தொண்ணூத்தி நாலைத்தான் நெனைச்சுக்கிட்டு நின்னேன். அத நெனைச்சா நாடி துள்ளாதுக்கா. அடங்கிருது."

வேல்கனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"அந்த முக்காலிக்கு அட்டை கொஞ்சம் தடிமனா வச்சிட்ட" என்றாள்.

இன்னாசி வாய்விட்டுச் சிரித்தான். இந்தத் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு இப்போது தெரியும்.

லாரி கிளம்புமுன் மண்டியில் உட்கார்ந்து கணக்கைத் தீர்த்தார்கள். வேல்கனி சொல்லச் சொல்ல இன்னாசி கூட்டினான்.

நிதியம் கொடுத்தது, ஒன்பது லட்சம். உப்புக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், மரத்துக்கும் மோட்டாருக்கும் இரண்டு லட்சத்து அறுபத்தைந்தாயிரம், குடோன் வாடகை தொண்ணூறாயிரம், கூலி ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம், இன்னாசியின் சாப்பாடும் தங்கலும் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். செலவும் ஒன்பது லட்சம், சரி.

தரகு வரவு, ஒன்பது லட்சத்து நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு. நிதியத்துக்குத் திருப்பியது ஒன்பது லட்சம். அடுத்த ஊருக்கு லாரி வாடகையும் உப்புக்கு அச்சாரமும் நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு, சரி.

வழிகாட்டிக் கூலி, கேட்கவில்லை, கொடுக்கவில்லை.

ஒரு நெகிழ்ச்சி வகையில் வரவு, முந்நூற்று நாற்பது. பற்று இல்லை. இருப்பு, முந்நூற்று நாற்பது.